மலிவான ஐரிஷ் விஸ்கியும் சுருட்டும்: எங்கள் விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஒரு நாளைக்கு ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கும் வருவார்கள். பெட்டியைத் திறந்தால் மேலே சொக்லேட், நடுவில் பிள்ளைகளுக்கு உடுப்பு, அடியில் துவாய்க்குள் சுற்றிய ஒரு போத்தல். திருவிழா நடக்கும் 25 நாளும் அந்தப் போத்தல் அலுமாரிக்குள் எங்களோடு சேர்ந்து விரதம் இருக்கும். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை விறாந்தையில் கதிரைகள் போடப்படும், கேள்விகளும் தொடங்கும். ஆண்டுதோறும் அதே கேள்விகள்தான், ஆட்கள்தான் மாறுகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். நான் வடிசாலையில் வேலை பார்த்தவனும் இல்லை, சுருட்டு வியாபாரியும் இல்லை. மெதுவாகக் குடித்து, குடித்ததைக் கொப்பியில் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

ஐரிஷ் விஸ்கி என்றால் என்ன? ஸ்கொட்ச்சுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

அயர்லாந்துத் தீவிலேயே வடித்து, அங்கேயே மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்திருக்க வேண்டும். பீப்பாய் 700 லீற்றரைத் தாண்டக்கூடாது. போத்தலில் அடைக்கும்போது மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. சட்டம் கேட்பதில் முக்கியமானவை இவை.

நாக்குக்குத் தெரியும் வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. முளைவிட்ட பார்லியில் செய்யும் ஸ்கொட்ச் மோல்ட்டைப் பெரும்பாலும் இரண்டு தடவை வடிப்பார்கள். அயர்லாந்தின் பெரிய ஆலைகளில் மூன்று தடவை வடிப்பது வழக்கம். ஒவ்வொரு வடிப்பிலும் கனமான பொருள்கள் கொஞ்சம் கழிய, திரவம் மெலிந்து வழவழப்பாகிறது. அத்தோடு ஸ்கொட்லாந்தின் சில தீவுகளில் செய்வதுபோல முளைவிட்ட பார்லியைக் பீட் என்னும் கரிநில மண்ணை எரித்த புகையில் உலர்த்தும் பழக்கம் அயர்லாந்தில் அரிது. கன்னமாரா போன்ற ஓரிரு பெயர்கள்தான் விதிவிலக்கு. ஆகவே ஐரிஷ் விஸ்கியில் புகை மணம் இராது. சுருட்டுப் பேச்சு வரும்போது இதை மறந்துவிடாதீர்கள். அங்கே எல்லாம் இதில்தான் வந்து நிற்கும்.

இன்னொன்று, பொட் ஸ்டில் என்று அவர்கள் சொல்லும் வகை. முளைவிட்ட பார்லியோடு முளைவிடாத பச்சைப் பார்லியையும் கலந்து செப்புக் கொதிகலத்தில் வடிப்பார்கள். 1785இல் முளைப்பார்லிக்கு வரி போட்டபோது, வரியை மிச்சம் பிடிக்க வடிப்பவர்கள் பச்சைப் பார்லியைக் கூட்டினார்கள். வரிக்குப் பயந்து செய்தது பிறகு அந்த நாட்டின் தனி ருசியாகிவிட்டது. வாயில் ஒரு எண்ணெய்த்தன்மையும் மெல்லிய காரமும் தெரிந்தால் அது அந்தப் பச்சைப் பார்லிதான்.

பார்லியை ஏன் முளைக்கவைக்கிறார்கள்? கள்ளுக்கு அப்படி எதுவும் செய்வதில்லையே?

நல்ல கேள்வி, கேட்டவர் சீவல் தொழில் தெரிந்தவர். பனஞ்சாற்றில் சர்க்கரை ஏற்கனவே இருக்கிறது. முட்டியில் விழுந்த உடனேயே காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு பூசினால்தான் புளிக்காத கருப்பணியாக நிற்கும். பார்லியில் இருப்பது மாப்பொருள். மதுவத்தால் அதை அப்படியே தின்ன முடியாது. பயறு முளைக்கும்போது இனிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைக்கும் தானியத்தில் ஊறும் நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கின்றன. விஸ்கிக்காரர் அந்த நிலையில் முளையை உலர்த்தி நிறுத்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்து எடுக்கிறார். பனை மரம் நமக்கு இந்தச் சிரமம் எதையும் வைக்கவில்லை.

மலிவு என்கிறீர்கள். இங்கே வெளிநாட்டு விஸ்கி எங்கே மலிவு?

உண்மை. இறக்குமதி மதுவுக்கு நம் நாட்டில் விழும் வரியோடு பார்த்தால், லண்டனில் சாதாரண ஆள் வார இறுதிக்கு வாங்கும் போத்தல் இங்கே கலியாணப் பரிசு ஆகிவிடும். நான் மலிவு என்பது அது பிறந்த சந்தையின் கணக்கில். ஜேம்சன், புஷ்மில்ஸ் ஒரிஜினல், டல்லமோர் டியூ, பவர்ஸ், பாடி: வயது எழுதாத, பல பீப்பாய்களைக் கலந்து செய்த, அன்றாட விஸ்கிகள் இவை. பெட்டிக்குள் வருவதும் பெரும்பாலும் இவைதான். ஐரோப்பியப் போத்தலில் 700 மில்லிலீற்றர் இருக்கும், விமான நிலையத்தில் வாங்கியது ஒரு லீற்றர். நம் ஊர்ச் சாராயப் போத்தல் 750. அளவு குறைகிறதே என்று கொண்டுவந்தவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

வயது எழுதாததற்காக முகம் சுழிக்கவும் வேண்டாம். 12 ஆண்டு என்று எழுதியிருந்தால் நல்லதுதான், ஆனால் வாய்க்குள் போனபிறகு லேபிளை யாரும் ருசிப்பதில்லை.

இந்தப் பக்கத்தில் டல்லமோர் டியூவையே எடுத்துக்கொண்டது ஏன்?

கடந்த முறை பெட்டியில் வந்தது அது, முதல் காரணம். இரண்டாவது காரணம் அதன் கதை.

அயர்லாந்தின் நடுவில், ஓஃபலி மாவட்டத்தில், டல்லமோர் என்ற சிற்றூர். 1785இல் அங்கே ஒரு வெப்பக்காற்று பலூன் கீழே விழுந்து தீப்பிடித்து ஊரில் பல வீடுகள் எரிந்துபோயின. ஊர்ச் சின்னத்தில் இன்றும் சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை இருக்கிறது. 1829இல் அங்கே வடிசாலை தொடங்கியது. பின்னர் டானியல் ஈ. வில்லியம்ஸ் என்பவர் சிறுவயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஆலையையே நடத்தும் நிலைக்கு வந்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் சேர்ந்ததே டியூ. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பனித்துளி என்றும் பொருள்.

1954இல் ஆலை மூடப்பட்டது. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறிப் போக, விஸ்கி வேறு ஊரில் வடிக்கப்பட்டது. 2014இல்தான் அதே ஊரின் ஓரத்தில் புதிய ஆலை எழுந்தது. 60 ஆண்டு. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடத்தைக் கடந்து போய்வருகிறவர்களுக்கு, மூடிய ஆலை ஒரு ஊருக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஐரிஷ் விஸ்கி முழுவதுமே அப்படி ஒருமுறை படுத்து எழுந்ததுதான். தொடர்ந்து வடிக்கும் தூண் கொதிகலத்துக்கு 1830இல் காப்புரிமை பெற்றவர் ஈனியஸ் கொஃபி, டப்ளினில் மதுவரி அதிகாரியாக இருந்தவர். சொந்த ஊர் வடிசாலைக்காரர்கள் அதை ஏளனம் செய்தார்கள். ஸ்கொட்லாந்துக்காரர்கள் வாங்கி வைத்து உலகத்தைப் பிடித்தார்கள். உள்ளூர் மாடு விலைபோகாது என்பது அங்கேயும் செல்லும்போலிருக்கிறது. பிறகு அமெரிக்காவில் மதுவிலக்கு, பிரித்தானியாவோடு வணிகப் பிணக்கு. 1970களின் பிற்பகுதியில் தீவு முழுவதிலும் மிஞ்சியது தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ் என்று இரண்டே ஆலைகள்.

சரி, எப்படி ருசிப்பது? ஒரே மூச்சில் விட்டால் என்ன?

விடலாம். அதற்கு ஏன் லண்டனிலிருந்து போத்தல் சுமக்கவேண்டும்?

போன ஆவணியில் நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். மாலை ஐந்தரை மணி. மத்தியான வெயில் விறாந்தைச் சீமெந்தில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் ஊற்றினால் மதுசாரம் முந்திக்கொண்டு மூக்கில் குத்தும். அதனால் போத்தலைக் கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தேன். உறையவைக்க வேண்டாம், கிணற்றடித் தண்ணீரின் குளிர் வந்தால் போதும். ஆளுக்கு 30 மில்லிலீற்றர்.

எங்களோடு அயலில் இருக்கும் பெரியவர் ஒருவரும் இருந்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவர், நாளுக்கு இரண்டு சுருட்டு. கிளாசைக் கையில் கொடுத்ததும் குடிக்கப் போனார். "ஐயா, முதலில் மணந்து பாருங்கள்" என்றேன். கிளாஸ் விளிம்பில் மூக்கை நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி, நாடி உயரத்தில் பிடித்து மணக்கவேண்டும். அவர் ஒருமுறை மணந்தார். கிளாசை இறக்கினார். மறுபடி மணந்தார்.

"தம்பி, நெல் அவிக்கும் கொட்டிலுக்குள் நிற்பதுபோல இருக்கிறது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகம் படித்தவர்கள் தானிய மணம், மோல்ட் மணம் என்று எழுதுவது அதைத்தான். புழுங்கலுக்கு அண்டாவில் நெல் வாய் பிளக்கும் நேரத்தில் எழும் அந்த ஈரச் சூடான மணம். பத்து ஆண்டாக நான் தேடிய சொல்லை அவர் ஒரு மூச்சில் எடுத்துவிட்டார்.

அதன்பிறகு எல்லோருக்கும் தைரியம் வந்தது. தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருவது என்றார் ஒருவர். பச்சை அப்பிள் என்றார் லண்டன்காரர். எனக்கு வனிலாவும், அதன் அடியில் தேங்காய்ப்பூவை இளஞ்சிவப்பாக வறுக்கும்போது வரும் மணமும் தெரிந்தன. இது கற்பனை இல்லை. அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தில் தேங்காய் மணம் தரும் லாக்டோன் என்ற பொருள் இயற்கையிலேயே இருக்கிறது; வனிலா மணம் தரும் வனிலினும் இருக்கிறது. பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி கிடந்த பழைய பீப்பாயில் ஐரிஷ் விஸ்கியை ஊறவைக்கும்போது இரண்டும் வந்து சேர்கின்றன.

பிறகு ஒரு சிறு மிடறு. விழுங்காமல் நாக்கின்மேல் உருட்டி, ஐந்து வரை எண்ணுங்கள். முதல் மிடறைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது வாய்க்கு அறிமுகம். இரண்டாவது மிடறில் தேன் இனிப்பு, பின்னால் கொஞ்சம் மிளகு, ஓரத்தில் மர உலர்ச்சி. விழுங்கியபிறகு ருசி நீண்டு நிற்காது. இது டல்லமோரின் குறை, நான் மறைக்கவில்லை. பாலைப்பழம் தின்றால் உதட்டில் அரை மணி நேரம் பால் ஒட்டியிருக்கும். இந்த விஸ்கி வாய் துடைத்துவிட்டுப் போய்விடும்.

உங்களுக்கு என்ன மணக்கிறதோ அதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பழங்களின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தண்ணீர் கலக்கலாமா? ஐஸ்? சோடா?

தண்ணீர் சில துளிகள், கட்டாயம் முயலுங்கள். மதுசாரத்தின் காரம் தணிந்து அடங்கிக் கிடந்த மணங்கள் மேலெழும். ஆனால் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். வன்னியில் பல கிணறுகள் உவர், பல கிணறுகள் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும் தண்ணீரை இதில் ஊற்றினால் முதலில் தெரிவது கிணறுதான். போத்தல் தண்ணீரோ, பிடித்து வைத்து ஆறவைத்த மழைத் தண்ணீரோ நல்லது.

ஐஸ் மணத்தை அடக்கிவிடும். ருசித்துப் பார்க்கும் முதல் கிளாசில் வேண்டாம். பங்குனி, சித்திரை வெக்கையில் இரண்டாவது கிளாசுக்குப் பெரிய கட்டி ஒன்று போடுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். சோடாவும் சரிதான். கோலா ஊற்றுவதானால் உள்ளூர்ச் சாராயமே போதும், காசு மிச்சம்.

விசேட கிளாஸ் வேண்டுமா?

அடி அகன்று வாய் ஒடுங்கிய எந்தக் கிளாசும் ஆகும். வைன் கிளாஸ் மிகப் பொருத்தம். வெண்கலச் செம்பு, எவர்சில்வர் குவளை வேண்டாம், உலோகம் மணக்கும். ஒரு நண்பர் பனையோலைப் பிளாவில் ஊற்றிப் பார்த்தார். கள்ளுக்கு ஓலையின் மணம் அழகு. விஸ்கிக்கு ஓலை மட்டும்தான் மணந்தது.

எங்கள் யாழ்ப்பாணச் சுருட்டோடு இது பொருந்துமா?

இந்தப் பக்கத்தை எழுதவைத்த கேள்வி இதுதான். சுருக்கமான பதில்: ஒரே நேரத்தில் பொருந்தாது, வரிசை மாற்றினால் பொருந்தும்.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பின்னர் சுருட்டாகத் தெற்கே போனது. சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடை என்றாலே யாழ்ப்பாணத்து முதலாளியின் கடை என்ற காலம் இருந்தது. அந்தப் புகையிலையின் குணம் அதைப் பதப்படுத்தும் முறையில் இருக்கிறது. இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சும் மட்டையும் மூட்டிப் புகை போடுவார்கள். பற்றவைப்பதற்கு முன்னரே அந்த இலைக்குள் ஒரு அடுப்படி இருக்கிறது. சிலவற்றுக்குக் கோடா என்ற கரைசலும் சேரும். இனிப்பும் கார்ப்பும் கூடும்.

மேலே சொன்னேன், ஐரிஷ் விஸ்கியில் புகை இல்லை. மெல்லிய தேனும் தானியமும் மட்டும். அன்று மூன்று விதமாகச் சோதித்தோம். முதலில் சுருட்டை நன்றாக இழுத்துவிட்டு விஸ்கியைக் குடித்தோம். சீனித் தண்ணீர். நெல்லும் இல்லை, தேங்காய்ப்பூவும் இல்லை. பெரியவர் கிளாசைப் பார்த்து, "போத்தலை மாற்றிவிட்டாயா?" என்று கேட்டார். அடுத்து ஒரு இழுப்பு, ஒரு மிடறு என்று மாறி மாறி. நாலாவது சுற்றில் நாக்கு மரத்துவிட்டது.

மூன்றாவது முறை வேலை செய்தது. முதல் கிளாசைச் சுருட்டில்லாமல் அமைதியாக, இருபது நிமிடம் எடுத்துக் குடித்து முடித்தோம். பிறகு சுருட்டு, பாதி வரை, தனியாக. பிறகு குளிர்ந்த தண்ணீரில் வாயை இரண்டு தடவை கொப்பளித்து, வெறும் பாண் ஒரு துண்டு மென்றோம். அதன்பிறகு இரண்டாவது விஸ்கி, சிறியதாக. இப்போது சுருட்டின் அடுப்படி மணம் அடிநாக்கில் மெல்லியதாக இருக்க, அதன்மேல் விஸ்கியின் இனிப்பு வந்து படிந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கும்போது கசப்பும் இனிப்பும் மாறி மாறி வருமே, அதே கணக்கு.

சுருட்டை விடமாட்டேன், விஸ்கியும் அதே கையில் வேண்டும் என்கிறவர் பவர்ஸ் கோல்ட் லேபிளைத் தேடலாம். 43.2 வீதம், பொட் ஸ்டில் குணமும் காரமும் கூட. அதுகூடச் சுருட்டை வெல்லாது, எதிர்த்து நிற்கும்.

வெளிநாட்டுச் சுருட்டு கிடைத்தால் எதை எடுக்கலாம்?

மேலிலையின் நிறத்தைப் பாருங்கள். கனெக்டிகட் ஷேட் என்பது துணிப்பந்தலின் நிழலில் வளர்த்த இளமஞ்சள் பழுப்பு இலை. மென்மை, வெண்ணெய்த்தன்மை. டொமினிக்கன் குடியரசின் மென்மையான சுருட்டுகள் பலவற்றில் இந்த மேலிலை இருக்கும். டல்லமோர், ஜேம்சன், புஷ்மில்ஸ் மூன்றுக்கும் என் தெரிவு இதுதான். இங்கே மாறி மாறி இழுத்துக் குடித்தாலும் ஒன்றை ஒன்று விழுங்காது.

மடூரோ என்பது நீண்ட நாள் நொதிக்கவிட்ட கருமையான இலை. கொக்கோவும் காய்ந்த பழமும் மணக்கும். அதற்கு ஷெரி என்ற ஸ்பானிய வைன் கிடந்த பீப்பாயில் ஊறிய விஸ்கி வேண்டும். பிளாக் புஷ் கிடைத்தால் அது, விலை ஒரு படி கூட. நிக்கராகுவாச் சுருட்டுகள் மிளகுக் காரம் உள்ளவை, அவற்றை நம் ஊர்ச் சுருட்டைப்போலவே தள்ளி வைத்துப் பிடியுங்கள்.

அளவில் ரொபுஸ்டோ என்றால் 5 அங்குல நீளம், 50 சுற்றளவு எண். அந்த எண் சுருட்டின் விட்டத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்குகளாகக் குறிக்கிறது, ஆகவே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுத் தடிப்பு. அணையாமல் பிடித்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். நம் மெல்லிய சுருட்டுக்குப் பழகியவர்கள் முதலில் பார்த்ததும் உலக்கையா என்று கேட்பார்கள்.

எப்படி வெட்டி, எப்படிப் பற்றவைப்பது?

வெளிநாட்டுச் சுருட்டின் வாய்ப்பக்கத்தில் ஒரு தொப்பி ஒட்டியிருக்கும். அதில் இரண்டு மில்லிமீற்றர் மட்டும் கூரிய பிளேட்டால் எடுங்கள். ஆழமாக வெட்டினால் மேலிலை கழன்று சேலைபோல அவிழும். பல்லால் கடிக்கும் வீரம் வேண்டாம்.

தீக்குச்சியானால் கந்தகம் எரிந்து முடிய இரண்டு விநாடி பொறுங்கள். நுனியைச் சுடருக்குள் நுழைக்காமல் சற்று மேலே பிடித்துச் சுற்றிச் சூடாக்கி, பிறகு மெதுவாக இழுங்கள். பெற்றோல் லைட்டரும் அடுப்புக் கொள்ளியும் அவற்றின் மணத்தைச் சேர்த்துவிடும். பெரியவர் கொள்ளியில்தான் பற்றவைக்கிறார். அவருக்கு அது சேரவேண்டிய மணம்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அடிக்கடி இழுத்தால் சூடேறிக் கசக்கும். சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம்.

வன்னி வெயிலில் சுருட்டை எங்கே வைப்பது?

முதலில் எங்கே வைக்கக்கூடாது என்று சொல்கிறேன். எனக்கு முதன்முதலாக ஐந்து டொமினிக்கன் சுருட்டுகள் வந்தபோது, சூட்டுக்குப் பயந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அதே தட்டில் முல்லைத்தீவிலிருந்து வந்த சீலாக் கருவாடு பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இருந்தது. புகையிலை பஞ்சுபோல, பக்கத்தில் இருப்பதை உறிஞ்சும். பத்து நாள் கழித்துப் பற்றவைத்தேன். அயல் வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கருவாடு அடியில் பிடித்துவிட்டதா தம்பி?" என்று அக்கறையோடு கேட்டார்.

சுருட்டுக்கு ஈரப்பதன் 65 முதல் 70 வீதம், வெப்பம் 18 முதல் 21 பாகை நல்லது. எங்களுக்கு ஆவணியில் கச்சான் காற்று எல்லாவற்றையும் காயவைக்கும், மார்கழியில் சுவரே வியர்க்கும். தகரக்கூரை வீட்டில் இந்தக் கணக்கை இயற்கையாகப் பிடிக்க முடியாது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரப்பதனைச் சமன்செய்யும் சிறு பொதி ஒன்று. வீட்டில் மிகக் குளிர்ந்த அறையின் தரையோரம். பெட்டிச் சூடு 25 பாகையைத் தாண்டி நின்றால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கக்கூடும். மேலிலையில் ஊசி குத்தியதுபோல் துளை கண்டால் அதுதான். அவற்றைக் காற்றுப்புகாமல் சுற்றி மூன்று நாள் உறைபெட்டியில் வைத்து, பிறகு ஒரு நாள் சாதாரணக் குளிரில் வைத்து மெல்ல வெளியே எடுங்கள். கருவாட்டை முதலில் அகற்றிவிட்டு.

பாதிச் சுருட்டை அணைத்து வைத்து மறுநாள் பிடிக்கலாமா?

அந்தக் காலத்தவர்கள் கிடுகு இறப்பில் செருகி வைப்பார்கள். மறுநாள் அது கசக்கும், கடுக்கும். பெரியவருக்கு அந்தக் கசப்புத்தான் வேண்டுமாம். வாதம் செய்து பயனில்லை.

புகையை உள்ளே இழுக்கவில்லை. ஆனாலும் தலை சுற்றுகிறது, ஏன்?

சுருட்டுப் புகை காரத்தன்மை கூடியது. அதனால் நிக்கொட்டின் வாயின் உட்தோலாலேயே இரத்தத்துக்குப் போய்விடும். நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. வெறும் வயிற்றில் பிடித்தவருக்கு வியர்வை, குமட்டல், கை நடுக்கம் வரும். சுருட்டை வைத்துவிடுங்கள். காற்றோட்டத்தில் இருந்து, பனங்கட்டியோடு ஒரு பிளேன்ரீ குடியுங்கள். இன்னொரு விஸ்கி இதற்கு மருந்து ஆகாது. நிற்காமல் வாந்தி எடுத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ ஆஸ்பத்திரி.

கொறிக்க என்ன வைக்கலாம்?

முறிகண்டிக் கச்சான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வரும் பஸ் பயணிகள் வாங்கும் அதே வறுத்த கச்சான்தான். அதன் எண்ணெயும் வறுவல் மணமும் பீப்பாய் மர மணத்தோடு போகும். உப்பு குறைவாக இருக்கட்டும். பனங்கட்டி சிறு துண்டு, கறுப்பு சொக்லேட், புழுக்கொடியல் எல்லாம் நல்லவை. நண்டுக்கறி, மிளகாய் பொரியல், ஒடியற்கூழ் மூன்றும் என் உயிர். ஆனால் மிளகாய் பட்ட நாக்கால் விஸ்கியைப் பற்றிப் பேச முடியாது. ருசித்து முடித்தபிறகு சட்டியைக் கொண்டுவாருங்கள்.

குடியால் அழிந்த வீடுகள் நிறைந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா?

என் மனைவியின் கேள்வி இது. நெல் விற்ற காசு வீட்டுக்கு வராமல் தவறணையில் இறங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். கசிப்பில் கண் போனவரைத் தெரியும். ஆகவே மழுப்பாமல் சொல்கிறேன். மதுவும் புகையிலையும் தனித்தனியே புற்றுநோய் தருபவை. இரண்டும் சேர்ந்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயின் ஆபத்து தனித்தனி ஆபத்துகளின் கூட்டுத்தொகையையும் தாண்டுகிறது. புகையிலையோடு வெற்றிலையும் போடுபவர்களுக்கு இன்னும் மோசம். சுருட்டு என்பதால் பாதுகாப்பு ஏதும் இல்லை. குடிக்காதவர், பிடிக்காதவர் இதற்காகத் தொடங்கவே வேண்டாம்.

எங்கள் விறாந்தையின் வழக்கம்: ஆண்டில் மூன்று நாலு மாலைகள், ஆளுக்கு இரண்டு சிறு கிளாஸ், பாதிச் சுருட்டு. மோட்டார்சைக்கிள் திறப்பு முதலிலேயே என் மனைவியின் கைக்குப் போகும். இரவில் யானையும் கட்டாக்காலி மாடும் நிற்கும் வீதி இது. நிறுத்த முடியாத பழக்கம் ஆகிவிட்டது என்று தெரிந்தவரை நாங்கள் கூப்பிடுவதில்லை. அவரோடு பிளேன்ரீ குடிக்கிறோம்.

என் மனைவியின் பதில்: "எழுது, ஆனால் இதையும் சேர்த்து எழுது." சேர்த்துவிட்டேன்.

வயது, சட்டம்?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ புகையிலையோ விற்கக்கூடாது. அதனால் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிச் சுருட்டு வாங்கும் பழைய வழக்கத்தை விடுங்கள். போயா நாளில் மதுக்கடை பூட்டு.

திறந்த போத்தல் எவ்வளவு நாள் இருக்கும்?

விஸ்கி போத்தலுக்குள் முதிராது. பீப்பாயை விட்டு வந்த அன்றே அதன் வயது நின்றுவிட்டது. திறக்காத போத்தலை ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். தக்கை மூடியானால் நிமிர்த்தி வையுங்கள், சாய்த்தால் மதுசாரம் தக்கையைத் தின்றுவிடும். வெளிச்சமும் தகரச் சூடும் படாத இடம் வேண்டும்.

திறந்தபிறகு உள்ளே புகும் காற்று மெல்ல மெல்ல மணத்தைக் களவெடுக்கும். முக்கால் போத்தல் இருந்தால் ஓராண்டு போகும். கால் போத்தலுக்குக் குறைந்தால் சில மாதத்தில் முடியுங்கள், அல்லது சிறிய கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி நிரம்ப மூடுங்கள். மாற்றினால் மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அதைக் காட்டுத் தேன் என்று நினைத்து மாமி தேசிக்காய்ப் புளியில் கலந்து இருமலுக்குக் குடித்துவிட்டார். மறுநாள் காலையில், அந்தத் தேன் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்டார்.